ரயில் கட்டுப்பாட்டுத் திரைக்குத் தரநிலை எழுதப் போகிறீர்களா? இரண்டு ஆவணங்கள், ஒரு மதிப்புரை

திருகோணமலைத் தடத்துக்கு சிபிடிசி (CBTC, தகவல்தொடர்பு வழியாக ரயில்களைக் கட்டுப்படுத்தும் முறை) தேவையா என்று கேட்டால், தேவையில்லை. மாகோவில் பிரிந்து, கல்ஓயாவில் மறுபடியும் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகக் கடலோரம் வந்து நிற்கும் ஒற்றைத் தண்டவாளம் இது. ஒரு நாளைக்கு வரும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிபிடிசியோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் மெற்றோக்களுக்காகப் பிறந்தது. ஆனால் அந்த மெற்றோக்களின் திரைகளுக்கு விவரணை (specification) எழுதவும், மென்பொருள் செய்யவும், சோதிக்கவும் மெற்றோ ஓடும் ஊரில் குடியிருக்க வேண்டியதில்லை. கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கும் ஒருவர் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவே இதை எடுக்கலாம். அப்படி இறங்குபவர் முதலில் தேடும் ஆவணங்கள் இரண்டு. ஒன்று காசுக்கு, மற்றது இலவசம். எதை முதலில் எடுப்பது, எதில் என்ன இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

காசுக்குக் கிடைப்பது ஐஇஇஇ (IEEE) என்ற பொறியாளர் அமைப்பின் 1474.2 தரநிலை. வெளிவந்த ஆண்டு 2003. சிபிடிசியின் பயனர் இடைமுகத் தேவைகளுக்கென்றே எழுதப்பட்டது என்பதால், தலைப்பைப் பார்த்ததும் கை இதன்மேல்தான் போகும். இது தனியாள் அல்ல, நால்வரில் ஒருவர். 1474.1 செயல்திறனையும் செயற்பாடுகளையும் சொல்கிறது (1999, திருத்தம் 2004). 1474.3 வடிவமைப்பையும் வேலைப் பங்கீட்டையும் சொல்கிறது (2008). 1474.4 சோதனைக்கானது (2011). சிபிடிசி என்றால் என்ன என்ற வரையறையே 1474.1இல்தான் இருக்கிறது: தண்டவாளச் சுற்றை (தண்டவாளத்தில் ரயில் இருப்பதைக் கண்டுகொள்ளும் மின்சுற்றை) நம்பாமல் ரயிலின் இடத்தை நுணுக்கமாக அறிதல், ரயிலுக்கும் தரைக்கும் இடையே இருவழியிலும் இடைவிடாத தகவல்தொடர்பு, உயிர்காக்கும் செயற்பாடுகளைச் செய்யும் கணினிகள் ரயிலிலும் தரையிலும். ஏடிபி (தானியங்கிப் பாதுகாப்பு) கட்டாயம், ஏடிஓ (தானியங்கி ஓட்டம்), ஏடிஎஸ் (தானியங்கி மேற்பார்வை) இரண்டும் விருப்பம். இந்த வரையறை மனதில் இல்லாமல் 1474.2ஐத் திறப்பது, சமையல் தெரியாமல் பரிமாறக் கற்பது போல.

1474.2இன் குணம் இதுதான்: என்ன தகவல், என்ன கட்டளை என்ற அளவில் பேசுகிறது. திரை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ள விட்டுவிடுகிறது. விளைவு கண்முன்னே இருக்கிறது. தரநிலை வந்து இருபது ஆண்டு தாண்டியும் சிபிடிசிக்கென்று பொதுவான முகம் கிடையாது. நியூயோர்க் நகரிலேயே கனார்சி தடத்தின் சிபிடிசி சீமென்ஸ் நிறுவனம் செய்தது, ஃபிளஷிங் தடத்தினது தாலெஸ் நிறுவனம் செய்தது. ஒரே ஊர், இரண்டு கை. இது தரநிலையின் தவறு என்று சொல்ல முடியாது. தோற்றத்தைக் கட்டாயப்படுத்தினால் கையெழுத்துப் போட எந்த விற்பனையாளரும் வந்திருக்க மாட்டார். என்றாலும், பிள்ளையார் பிடிக்கக் களிமண் தேடி வந்தவர் கையில் பிள்ளையாரின் இலக்கணத்தை மட்டும் கொடுத்தது போலத்தான்.

இலவசமானது ஐரோப்பிய ஒன்றிய ரயில்வே முகமை வெளியிடும் ஈடிசிஎஸ் (ETCS, ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை) சாரதி திரை விவரணை. 2016ஆம் ஆண்டுத் தொகுதியில் 3.6.0 பதிப்பு, 2023இல் 4.0.0. முகமையின் தளத்தில் நேரடியாகத் தரவிறக்கலாம். இது நெடுந்தூர ரயிலுக்கானது, மெற்றோவுக்கல்ல. அப்படியிருந்தும் தரநிலை எப்படி எழுதுவது என்று படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. காரணம், இது எதையும் வாசிப்பவரின் ஊகத்துக்கு விடுவதில்லை.

திரையை 640க்கு 480 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்துப் பெயரும் அளவும் கொடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் ஏ பகுதி, அகலம் 54: இலக்குத் தூரப் பட்டை. அடுத்தது பி, 280க்கு 300: வேக வட்டம். வலப்பக்கம் டி, அகலம் 246: முன்னால் வரும் பாதையின் திட்டம். ஓரத்தில் எஃப், அகலம் 60: தலா 50 உயரத்தில் ஒன்பது பொத்தான் இடங்கள். 54ஐயும் 280ஐயும் 246ஐயும் 60ஐயும் கூட்டினால் 640. நிறங்களும் அப்படியே. பின்புலக் கருநீலம் 3, 17, 34 என்று எண்ணிலேயே எழுதியிருக்கிறது. “கடும் நீலம்” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. வேக முள் வழமையில் சாம்பல், இலக்கை நோக்கி வேகம் குறைக்க வேண்டிய நேரத்தில் மஞ்சள், அனுமதித்த வேகத்தைத் தாண்டினால் செம்மஞ்சள், பிரேக்கைக் கணினியே பிடித்துவிட்டால் சிவப்பு. ஒலியிலும் அதே ஒழுங்கு: வேகம் மீறினால் ஒருமுறை ஒலித்து நிற்கும், எச்சரிக்கை நிலையில் நிற்காமல் ஒலிக்கும்.

பொத்தான்களைப் பற்றிய பகுதி தனியாக வாசிக்கத் தக்கது. விரலை எடுக்கும்போது வேலை செய்யும் வகை, அழுத்தியதும் வேலை செய்யும் வகை, 2 செக்கன் அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் வகை என்று மூன்று. அதிரும் வண்டியில் தொடுதிரையில் விரல் தவறுவது சகஜம். முதல் வகையில், தவறான பொத்தானில் விரல் பட்டால் வெளியே இழுத்துக்கொண்டு போய் எடுத்துவிடலாம், ஒன்றும் நடக்காது. திரும்பப்பெற முடியாத கட்டளைக்கு மூன்றாவது வகை. ரயில் விவரங்களைப் பதிந்ததும் அவற்றை இன்னொரு சாளரத்தில் திருப்பிக் காட்டி, ஆமா இல்லையா என்று கேட்கும் முறையும் உண்டு. இந்தப் பழக்கத்தைக் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே திருப்பிக் காட்டுவது திரைக் கணினி தன் நினைவில் வைத்திருப்பதாக இருக்கக் கூடாது. தரைக் கணினி பெற்றுக்கொண்டு திருப்பி அனுப்பியதையே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் முகம் பார்த்து அடையாளம் சரிபார்த்த கதைதான்.

சரி, இதை அப்படியே மெற்றோவுக்குப் போட்டால் என்ன பிழைக்கும்? வேக வட்டத்தின் மிகச் சிறிய அளவே மணிக்கு 140 கிலோமீற்றர். 80இல் ஓடும் மெற்றோவில் முள் பாதி வட்டத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும், மிச்சம் வீண். தூரப் பட்டை 1000 மீற்றர். முதல் 100 மீற்றர் சம அளவிலும் மீதி மடக்கை அளவிலும் வரும். எண்ணில் காட்டும் தூரம் 10 மீற்றருக்கு முழுமையாக்கப்பட்டது. மேடைக் கதவுக்கு நேராக அரை மீற்றருக்குள் நிறுத்த வேண்டிய சாரதிக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 4.0.0 பதிப்பில் ஏடிஓவுக்கான குறியீடுகள் சேர்ந்திருப்பதால், மெற்றோ வேலைக்கு 3.6.0ஐ விட்டுவிட்டு அதையே எடுங்கள்.

பெரிய ஓட்டை வேறு. இது சாரதியின் திரைக்கு மட்டுமான ஆவணம். சிபிடிசியில், அதுவும் சாரதி இல்லாத ரயிலில், மனிதர் உட்கார்ந்திருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறை. அங்கே நிறமும் பொத்தானும் இரண்டாம் பட்சம். முதல் பிரச்சினை எச்சரிக்கைகளின் வெள்ளம். 2009 ஜூன் 22இல் வொஷிங்டன் மெற்றோவில் ஒரு ரயில் முன்னால் நின்ற ரயிலில் மோதி 9 பேர் இறந்தார்கள். நின்ற ரயில் இருந்த தண்டவாளச் சுற்று அதைக் கண்டுகொள்ளவில்லை; கணினிக்கு அந்தப் பகுதி வெறுமையாகத் தெரிந்தது. அது சிபிடிசி அல்ல, பழைய முறை. ஆனால் தண்டவாளச் சுற்று எச்சரிக்கைகள் அங்கே அன்றாடம் ஏராளமாக வந்து, பார்த்து நகர்த்திவிடும் பழக்கமாகிப் போயிருந்தன என்பது விசாரணையில் வெளிவந்தது. அடிக்கடி அழும் பிள்ளையை யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து ரயில் துறைக்கு வெளியே, எண்ணெய் ஆலைக்காரர்களிடம் இருக்கிறது. அவர்கள் பட்ட பாட்டில் பிறந்ததுதான் எச்சரிக்கை முறைகளுக்கான ஈஈஎம்யூஏ (EEMUA) 191 கைநூல். பின்னால் அதே விஷயத்துக்கு ஐஈசி (IEC) 62682 தரநிலை வந்தது (2014). ஓர் இயக்குநருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை என்றால் சமாளிக்கலாம். 10 நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அது வெள்ளம். முன்னுரிமையிலும் கணக்கு உண்டு: 100இல் 80 கீழ்நிலை, 15 நடுநிலை, 5 மட்டும் உயர்நிலை. உங்கள் விவரணையில் எச்சரிக்கைப் பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே “இதைப் பார்த்து இயக்குநர் என்ன செய்வார்?” என்று ஒரு நிரல் போடுங்கள். அந்த நிரல் காலியாக இருந்தால் அது எச்சரிக்கை அல்ல, பதிவேட்டுக்குப் போக வேண்டிய தகவல்.

இரண்டாவது பிரச்சினை பழைய தகவல். இலங்கையின் ஒற்றைத் தண்டவாளங்களில் பழகிய டேப்லெட் முறையை, அதாவது சாரதியிடம் உலோக வட்டைக் கொடுத்துப் பாதையை ஒப்படைக்கும் முறையை, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரு நிலையங்களின் வட்டுப் பெட்டிகளும் மின்கம்பியால் பிணைந்தவை; ஒரு வட்டு வெளியே இருக்கும்வரை மற்றொன்று வராது. சாரதியின் கையில் வட்டு இருந்தால் பாதை அவருடையது. அந்த உலோகத்துக்கு வயதாவதில்லை. ரேடியோவில் வரும் அனுமதிக்கு வயதுண்டு. திரையில் தெரியும் ரயில் இப்போது அங்கே நிற்கிறதா, 20 செக்கனுக்கு முன் நின்றதா என்பதைத் திரை சொல்லாவிட்டால் இயக்குநர் இப்போது என்றுதான் எடுத்துக்கொள்வார். சிங்கப்பூர் ஜூ கூன் நிலையத்தில் 2017 நவம்பர் 15இல் நடந்த மோதலில் 38 பேர் காயப்பட்டார்கள். கோளாறான ரயிலைச் சுற்றிக் கணினி போட்டிருந்த பாதுகாப்பு எல்லை, பழுதான ஒரு சமிக்ஞைச் சுற்றைக் கடக்கையில் நீங்கிவிட்டதே காரணம். அப்படியான எல்லை ஒன்று இருந்தால் அது திரையில் தெரிய வேண்டும். நீங்கினால் உரக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது வாக்கியம் எழுதும் வேலை. “தொடர்பிழந்த ரயில் தெளிவாகக் காட்டப்பட வேண்டும்” என்பது விவரணை அல்ல, விருப்பம். இப்படி எழுதலாம்: கடைசி இட அறிக்கை வந்து குறித்த செக்கன் கடந்ததும் ரயில் எண்ணின் நிறம் மாறும், எண்ணுக்குப் பக்கத்தில் அறிக்கையின் வயது செக்கனில் ஓடும், கடைசி இடம் திரையிலிருந்து தானாக அழியாது. இதில் மூன்று சோதனைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் தேறியது, தேறவில்லை என்று எழுதிவிடலாம்.

தமிழில் எழுதுபவருக்குக் கூடுதலாக ஒரு கண்ணி. ஐஇஇஇ ஆவணங்களில் கட்டாயத்துக்கு ஒரு சொல், பரிந்துரைக்கு ஒரு சொல், அனுமதிக்கு ஒரு சொல். மொழிபெயர்ப்பில் முதல் இரண்டும் “வேண்டும்” என்றே வந்து விழும். கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) அது சண்டைக்கு வித்து. “கட்டாயம்”, “நன்று”, “செய்யலாம்” என்று மூன்றை முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிட்டு, “வேண்டும்” என்ற சொல்லை ஆவணத்திலிருந்தே துரத்திவிடுங்கள். நிறுத்த எல்லையைத் தாண்டிப் போவதற்கான சாரதி திரையின் ஓவர்ரைட் (override) பொத்தானை “மீறல்” என்று பெயர்க்கவும் வேண்டாம். முறைப்படி அனுமதி பெற்று அழுத்திய சாரதி, பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே “மீறல்” என்று இருப்பதை விரும்பமாட்டார். ஓவர்ரைட் என்றே இருக்கட்டும்.

எழுத்துருவும் சோதிக்க வேண்டியதே. ஐரோப்பிய விவரணையில் செய்தி வரி ஒவ்வொன்றும் 234க்கு 20 கட்டம். ஆங்கில எழுத்து அதில் தாராளமாக நிற்கும். தமிழுக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் கொக்கியும் உண்டு. எழுத்தைக் குறுக்கினால் முதலில் மறைவது புள்ளி. “நில்” என்பது “நில” ஆகிவிடும். மலிவான திரைப் பலகைகளில் எழுத்தைக் கோக்கும் நிரல் இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும்: ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் நிற்கும். ஹார்ஃப்பஸ் (HarfBuzz) போன்ற எழுத்துக் கோக்கும் நிரலைச் சேர்த்துக் கட்டினால் இது தீரும். மும்மொழித் திரை என்றால் பொத்தானின் அகலத்தை மூன்றில் நீளமான சொல்லுக்கு வைத்தே கணக்கிடுங்கள்.

திருகோணமலைத் தடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும் குறை இன்னொன்று. தற்காலிக வேகத்தடை விதித்தால் ஈடிசிஎஸ் திரையில் வேகம் குறைவது தெரியும், ஏன் என்பது தெரியாது. காரணம் சொல்லத் தனிச் செய்திதான் அனுப்ப வேண்டும். தண்டவாளம் பழுது என்றால் சாரதி வேகத்தைப் பார்த்தால் போதும். கல்ஓயாப் பக்கம் யானைக்காக விதித்த தடை என்றால் இருட்டில் வெளியே பார்க்க வேண்டும். எனவே காரணத்துக்கும் ஒரு குறியீடு எழுதி வையுங்கள்.

வாங்கும் வரிசை: முதலில் இலவசமான 4.0.0. அடுத்து 1474.1, காசு கொடுத்தாவது. பிறகு ஐஈசி 62682. 1474.2 கடைசியில், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அதன் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் மட்டும். எழுத்துருச் சோதனைக்குக் காசே வேண்டாம்: “கொழும்பு கோட்டை”, “சீனன்குடா”, “தம்பலகாமம்”, “நில்” நான்கையும் 20 கட்ட உயரத்தில் ஓடவிட்டு, திரையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி உட்கார்ந்து, அறை விளக்கை அணைத்து ஒருமுறையும் யன்னலைத் திறந்து ஒருமுறையும் வாசித்துப் பாருங்கள்.