விண்டோஸ் 11-இல் பிரீமியர் ப்ரோ சிஎஸ்6: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அடோபி நிறுவனத்தின் வீடியோ தொகுப்பு மென்பொருளான பிரீமியர் ப்ரோ சிஎஸ்6 2012-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சந்தா முறை வந்துவிட்டதால், ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பிரீமியர் ப்ரோ பதிப்பு இதுதான். கூத்து, கோயில் விழாப் பதிவுகளைத் தொகுத்துவரும் எனக்கு, பழைய ப்ராஜெக்டுகள் அனைத்தும் இதில் இருப்பதால், விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கும் பிறகு 11-க்கும் மாறியபோதெல்லாம் இதையும் கூடவே கொண்டுவந்தேன். இயங்குதளம் இதற்குத் தடையாக இல்லை. தடையாக இருப்பவை இன்றைய கைப்பேசிக் காட்சிகளும் தமிழ் எழுத்தும்தான்.

சிஎஸ்5-இலிருந்தே பிரீமியர் முழுமையான 64-பிட் மென்பொருளாகிவிட்டது, அத்தகைய பழைய மென்பொருள்களை விண்டோஸ் 11 இன்றும் இயக்குகிறது. அதே காலத்து ஆப்பிளின் தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ 7, 32-பிட் மென்பொருளாக இருந்ததால், 32-பிட் ஆதரவைக் கைவிட்டு 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் திறக்கவே திறக்காது.

புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியில் முதலில் பார்க்க வேண்டியது, சிஎஸ்6 நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் கிடக்கும் ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல். கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வேலையை வேகப்படுத்தும் என்விடியாவின் ‘கூடா’ (CUDA) வசதிக்கு ஏற்ற கார்டுகளின் பெயர்கள் அதில் வரிக்கு ஒன்றாக இருக்கும். 2012-க்குப் பிந்திய கார்டுகளின் பெயர் அதில் இருக்க வழியில்லை. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, நம் கார்டின் பெயரை எழுத்துப் பிசகாமல் சேர்த்துச் சேமித்த பிறகு, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஜிபியு முடுக்கம் தேர்வுக்கு வந்தது. வண்ணத் திருத்தம் செய்த காட்சிகள் அதன்பின் ரெண்டர் செய்யாமலே சீராக ஓடுகின்றன. எக்ஸ்போர்ட் வேகம் மட்டும் பெரும்பாலும் சிபியுவையே நம்பியிருக்கிறது.

4கே மானிட்டரில் மெனு எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடும். ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில், கம்பாட்டிபிலிட்டி பகுதியில், ஹை டிபிஐ அளவிடலை சிஸ்டத்திடம் ஒப்படைத்தால் எழுத்து பெரிதாகும். சற்று மங்கலாகவும் தெரியும்.

காட்சிகளின் விஷயம் இவ்வளவு எளிதன்று. இன்றைய பல கைப்பேசிகள் காட்சிகளைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 கோடெக் சிஎஸ்6-க்குத் தெரியாது. கைப்பேசிகளின் எச்.264 காட்சிகள் திறந்தாலும், அவற்றின் ஃப்ரேம் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால், போகப்போகப் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி விழுகிறது. மிருதங்க அடியில் அது உடனே தெரிந்துவிடும். ஆகவே கைப்பேசியில் எடுத்த எதையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கும் உயர்தர எச்.264-க்கும் மாற்றிய பிறகே டைம்லைனில் வைக்கிறேன். ஆப்பிளின் ப்ரோரெஸ் வீடியோ கோப்புகளுக்கு அந்நிறுவனத்தின் குயிக்டைம் மென்பொருள் தேவைப்படுகிறது. விண்டோஸுக்கான குயிக்டைமுக்கு ஆப்பிள் 2016-இல் ஆதரவை நிறுத்தி, பாதுகாப்புக் குறைகளும் திருத்தப்படாமல் நின்றுவிட்டதால், இணைய இணைப்புள்ள கணினியில் அதை நிறுவ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்த் தலைப்புகளுக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். யூனிகோடில் ‘தெருக்கூத்து’ என்று தட்டினால், டைட்டில் கருவியில் ஒற்றைக் கொம்பு ‘த’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், இந்திய மொழி எழுத்துகளைக் கோத்து அமைக்கும் திறன் அக்கருவிக்கு இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டப்படுவதால் சிக்கல் எழாது என்பது உண்மையே. ஆனால் அப்படித் தட்டியதைப் பின்னர் வேறெங்கும் தேடவோ பயன்படுத்தவோ முடியாது. நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடிலேயே அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, இரண்டாவது வீடியோ டிராக்கில் வைக்கிறேன். கலைஞர்களின் நீண்ட பெயர்ப் பட்டியலை உயரமான ஒரே படமாக்கி, பொசிஷன் கீஃப்ரேம்களால் (படம் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் எனக் குறிக்கும் புள்ளிகளால்) மேலே ஏற்றலாம். கட்டியங்காரன் முதல் பின்பாட்டுக்காரர் வரை ஒருவர் பெயரும் எழுத்துப் பிழையாகத் திரையில் போகக்கூடாது என்பதால், இந்தக் கூடுதல் வேலை எனக்குச் சுமையாகத் தோன்றியதில்லை.

தினமும் கைப்பேசிக் காட்சிகளைத் தொகுத்து அன்றே வெளியிடுபவர்களுக்குச் சிஎஸ்6 ஏற்றதன்று. பழைய ப்ராஜெக்டுகளைத் திருத்தவும் கேமரா காட்சிகளை நிதானமாகத் தொகுக்கவும் அது தாராளமாகப் போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய ப்ராஜெக்டைப் புதிய பிரீமியர் திறந்துவிடும், ஆனால் அதில் சேமித்ததைச் சிஎஸ்6 திறக்காது. எனவே முடித்த ஒவ்வொரு ப்ராஜெக்டையும் எக்ஸ்எம்எல் வடிவிலும் எக்ஸ்போர்ட் செய்து வைக்கிறேன். இன்னொரு தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வ் அதைப் படிக்கும். வெட்டுகளும் அவற்றின் இடங்களும் பெரும்பாலும் அப்படியே வருகின்றன, சிஎஸ்6-இன் டைட்டில்கள் வருவதில்லை. பிஎன்ஜி படங்களாக வைத்த தமிழ்த் தலைப்புகள் சாதாரணப் படக் கோப்புகள்தான் என்பதால், அவை அங்கேயும் தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.