தாடியஸ் ஸ்டீவன்ஸா, சார்லஸ் சம்னரா?

இருவருமே வழக்கறிஞர்கள்; அடிமை முறையை அமெரிக்க காங்கிரஸில் எதிர்த்தவர்கள். யாரைப் பற்றி முதலில் படிக்கலாம்?

சம்னர் பாஸ்டன்காரர், ஹார்வர்டில் படித்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி கூடாது என்று 1849இல் வாதாடினார், வழக்கு தோற்றது. 1856இல் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் கொடூரமாகத் தாக்கப்பட்டார்.

என் தேர்வு ஸ்டீவன்ஸ்தான். வெர்மான்டில் ஏழ்மையில், ஊனமான காலோடு பிறந்தவர். பென்சில்வேனியாவின் இலவசப் பள்ளிச் சட்டத்தை 1835இல் ரத்து செய்யப் பார்த்தபோது, பேசியே அதைக் காப்பாற்றினார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைகளுக்கு வெறும் விடுதலை போதாது, பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பிரித்து ஆளுக்கு 40 ஏக்கர் கொடுங்கள் என்றார். எவ்வளவு நியாயமான கோரிக்கை! சக உறுப்பினர்களே ஏற்கவில்லை. எல்லா இனத்தவரையும் ஏற்ற கல்லறைத் தோட்டத்தையே தனக்குத் தேர்ந்தெடுத்தார்.

சம்னரை அப்புறம் படிக்கலாம். அவருடைய குடிமை உரிமைகள் மசோதா, அவர் இறந்த மறு ஆண்டு, 1875இல் சட்டமானது.