ரசீதில் இருந்த இரண்டு எழுத்து: வைரம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நகைக்கடை வீதிக்கு வைரம் வாங்கப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பது படிக்கும்போதே உங்களுக்குப் புரியும். எனக்குத்தான் எட்டு மாதம் கழித்துப் புரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது போலிக் கல் இல்லை, வைரம்தான். தங்கமும் சொன்ன தரம்தான். உட்பக்கம் 750 என்ற முத்திரை இருக்கிறது, சோதித்ததிலும் சரியாகவே வந்தது. கல்லின் எடையிலும் குறையில்லை. இத்தனையும் சரியாக இருந்தும் ஒருத்தி ஏமாற முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பத்தாவது கல்யாண நாள். எனக்கென்று பெரிதாக எதுவும் வாங்கிக்கொண்டதில்லை, இந்த முறை என் சொந்தச் சேமிப்பில் ஒரு காரட் ஒற்றைக்கல் மோதிரம் என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். பெரிய கடைகளில் விலை கேட்டதும் மயக்கம் வராத குறை. "வீதிக்குப் போங்க, அங்கதான் மொத்த விலை" என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூட அங்கே வைரம் வாங்கியதில்லை என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

வீதியில் கால் வைத்ததுமே ஆள் பிடிப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், வாங்கவா, விக்கவா? சும்மா பாருங்க, பாக்கக் காசா கேக்குறோம்?" அதில் ஒரு பையன் எங்களை ஒரு கூடத்துக்குள் கூட்டிப்போனான். வெளியே பெரிய பெயர்ப்பலகை. உள்ளே முப்பது, நாற்பது கண்ணாடி மேசைகள். இங்கேதான் முதல் பாடம்: அந்தப் பலகையில் இருக்கும் பெயருக்கும் உங்களிடம் விற்கிறவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு மேசையும் தனித்தனி வியாபாரி வாடகைக்கு எடுத்திருப்பது. நியூயார்க்கின் 47ஆவது தெருவில் இருக்கும் கூடங்களும் இதே ஏற்பாடுதான். பெரிய கடையில் வாங்குகிறோம் என்ற நினைப்பில் நீங்கள் வாங்குவது ஒரு மேசையிடம். அந்த மேசை அடுத்த வருஷம் அங்கே இருக்குமா என்பது வேறு கதை.

கண்ணாடிக்குள் ஒரு மோதிரம். பக்கத்தில் ஜிஐஏ (வைரத்தைத் தரம் பார்த்து அறிக்கை தரும் அமெரிக்க நிறுவனம்) சான்றிதழ் என்று சின்ன அட்டை, விலையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. மேசைக்காரரிடம் அதைக் கேட்டேன். "ஐயோ, அது இப்பத்தான் முடிஞ்சுது மேடம். அட்டையை எடுக்க மறந்துட்டோம். அதைவிட நல்ல கல் ஒண்ணு இருக்கு, காட்டுறேன் பாருங்க." என் கணவர் என் முழங்கையை லேசாக இடித்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உள்ளறையிலிருந்து வந்த கல் உண்மையிலேயே ஜொலித்தது. மேசைக்கு மேலே வரிசையாக விளக்குகள். அந்த வெளிச்சத்தில் கூழாங்கல்கூட ஜொலிக்கும் என்பது இன்றைய ஞானம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். மேசையை விட்டு வெளியே எடுத்துப்போக இன்சூரன்ஸில் அனுமதி இல்லையாம். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துக் கல்லின் தலையில் வைத்தார். பீப் என்றது. "பாத்தீங்களா, ஒரிஜினல்." பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பையும் கையில் கொடுத்தார். மேலிருந்து பார்த்தேன். பளபளப்பு தெரிந்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரியாதவர் கையில் லூப்பைக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த பீப் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். அந்தக் கருவி கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று மட்டும்தான் பார்க்கும். வைரம் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் பீப் அடிக்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், அதற்கும் அடிக்கும். மொய்சனைட் என்ற வேறொரு கல்லும் சூட்டை நன்றாகக் கடத்துவதால், வெறும் சூட்டைப் பார்க்கும் கருவி அதையும் வைரம் என்றே சொல்லிவிடும். கல் நல்லதா, விரிசல் விட்டதா, உள்ளே எதையாவது ஊற்றியிருக்கிறார்களா என்பதெல்லாம் அதன் வேலையே இல்லை. என் கல் பீப் அடித்தது பொய்யில்லை. நான் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

சான்றிதழ் கேட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை வந்தது. நான் கேள்விப்பட்டிராத ஒரு ஆய்வகத்தின் பெயர். "ஜிஐஏவும் இதுவும் ஒண்ணுதான் மேடம். அங்க பேப்பருக்குக் காசு, இங்க கல்லுக்குக் காசு." நிறம் எஃப்–ஜி (ஏறக்குறைய நிறமே இல்லாதது), தெளிவு விஎஸ்–எஸ்ஐ (உள்ளே சின்னக் குறைகள் மட்டும்), எடை 1.02 காரட். கீழே கொட்டை எழுத்தில் ஒரு மதிப்பு. அது அவர் கேட்ட விலையைப் போல இரண்டரை மடங்கு! இரண்டரை மடங்கு மதிப்புள்ள பொருளை முன்பின் தெரியாத எனக்கு எதற்கு இந்த விலைக்குத் தருகிறார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் தப்பித்திருப்பேன். மூளை அந்த நேரத்தில் வேறு எங்கோ இருந்தது. மோதிரம் விரலில் ஏறிவிட்டதே.

ஜிஐஏ என்பது 1931இல் அமெரிக்காவில் தொடங்கிய ரத்தினவியல் நிறுவனம். நிறம், தெளிவு, வெட்டு, எடை என்று இன்று எல்லோரும் பேசும் நான்கு அளவுகோல்களைப் பரப்பியது அவர்கள்தான். நிறத்தை டி என்ற எழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், டி என்றால் நிறமே இல்லாத கல். ஏ, டபுள் ஏ என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருந்த பழைய தரங்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. எஃப், ஜி மாதிரி நிறங்களுக்கு அவர்கள் அறிக்கையில் ஒரே எழுத்துதான் இருக்கும். 'எஃப்–ஜி' என்று கோடு போட்டு இழுக்க மாட்டார்கள். கல்லின் விலை மதிப்பும் அதில் இருக்காது. அறிக்கை எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு விவரத்தைச் சரிபார்க்கலாம்; பல கற்களில் அதே எண் கல்லின் இடுப்புப் பகுதியில் லேசரால் பொறித்திருக்கும். என் அட்டையில் இருந்த எண்ணை எங்கே போட்டுப் பார்ப்பது? அட்டையில் ஒரு முகவரிகூடக் கிடையாது.

பேரம் வழக்கம்போலத்தான். கால்குலேட்டரில் ஒரு எண், உள்ளே போய் "முதலாளிகிட்ட" பேசிவிட்டு வந்து இன்னொரு எண், பாதி ரொக்கமாகக் கொடுத்தால் மூன்றாவதாக ஒரு எண். பாதியை ரொக்கமாகக் கொடுத்தோம், மீதியை கார்டில். ரசீதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். மோதிரம் ஒன்று, 18 காரட், கல் 1.02 காரட், பக்கத்தில் 'சி.இ.' என்று இரண்டு எழுத்து.

(எடையைச் சொல்லும் காரட் வேறு, தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் வேறு. ஒரு காரட் எடை என்பது 200 மில்லிகிராம். 18 காரட் தங்கம் என்றால் 24 பங்கில் 18 பங்கு தங்கம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறோம்.)

அந்த சி.இ.யைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? செல்போன் சார்ஜரின் பின்னால் இருக்குமே, சி.இ. என்ற முத்திரை, அதுமாதிரி ஏதோ தரச் சான்று என்று. சிரிக்காதீர்கள்.

எட்டு மாதம் போட்டுக்கொண்டேன். ஒருநாள் துணியில் மாட்டி, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் ஒன்று நிமிர்ந்துவிட்டது. வீதிக்குப் போகாமல், தெரிந்தவர் சொன்ன ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். வயதானவர். கொக்கி நுனியில் கொஞ்சம் தங்கம் ஊதி வைத்தால் போதும், அரை மணி நேர வேலை என்றார். ஊதுகுழாயைப் பற்றவைக்கப் போனவர், ஒரு பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன், லூப்பைக் கண்ணில் செருகிக் கல்லைப் பக்கவாட்டில் திருப்பினார். அப்படியே நிறுத்தினார். ஊதுகுழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை எங்கேம்மா வாங்குனீங்க?"

சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் லூப்பை என்னிடம் நீட்டினார். "மேல இருந்து பாக்காதீங்க. பக்கத்துல இருந்து பாருங்க. மெதுவா சாய்ங்க. இன்னும் கொஞ்சம். இப்போ?"

தெரிந்தது. கல்லுக்குள் குறுக்கே இறகு மாதிரி ஒரு மெல்லிய தளம். ஒரு கோணத்தில் ஊதா நிறம் மின்னியது, மயிரிழை சாய்த்தால் ஆரஞ்சு. மழைத் தண்ணியில் பெட்ரோல் சிந்தினால் நிறம் ஓடுமே, அப்படி. அந்தத் தளத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு குமிழிகள்.

"வைரத்துக்குள்ள குமிழி எப்படிம்மா வரும்? அது விரிசல். அதுக்குள்ள கண்ணாடி ஊத்தியிருக்காங்க. நான் நெருப்பைக் காட்டியிருந்தா கண்ணாடி வேர்த்து வெளிய வந்திருக்கும். அப்புறம் அந்த ஆளு 'ரிப்பேர் பண்ணவன் கெடுத்துட்டான்'னு என் தலையில கட்டியிருப்பான்."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து படித்தேன். விரிசல் மேற்பரப்பை எட்டும் வைரங்களில், ஒளியை வைரம் போலவே வளைக்கும் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கிச் செலுத்துவார்கள். விரிசல் அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். 1980களில் இஸ்ரேலில் வியாபாரத்துக்கு வந்த முறை. சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அது நிரந்தரம் இல்லை. சூட்டில் கெடும், சில அமிலங்களில் கெடும், அல்ட்ராசானிக் கருவியில் போட்டுக் கழுவக் கூடாது. அதனால்தான் இப்படிப்பட்ட கல்லுக்கு ஜிஐஏ தர அறிக்கையே கொடுப்பதில்லை. "பேப்பருக்குக் காசு" என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. காசு கொடுத்தாலும் அந்தப் பேப்பர் இந்தக் கல்லுக்குக் கிடைக்காது.

சி.இ. என்றால் 'கிளாரிட்டி என்ஹான்ஸ்டு'. தெளிவு கூட்டப்பட்டது.

மறுநாளே வீதிக்குப் போனோம். எங்களுக்கு விற்றவர் இல்லை. மேசை இருந்தது, வேறொருவர் உட்கார்ந்திருந்தார், முதலாளி என்றார். ரசீதை வாங்கிப் பார்த்து, நிதானமாக அந்த இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்தார். "எழுதிக் குடுத்திருக்கோமே மேடம். நாங்க எதையும் மறைக்கலையே. நீங்க கேக்கல." பின்பக்கம் திருப்பினார். பணம் திருப்பித் தரப்படாது, மாற்றிக்கொள்ள மட்டுமே அனுமதி என்று பொடி எழுத்தில் இருந்தது. மாற்றிக்கொள்வதென்றால், கொடுத்த விலையில் கால்வாசி கழித்துக்கொள்வாராம். வாசலில் நின்ற பையன் அதற்குள் இன்னொரு ஜோடியை உள்ளே கூட்டி வந்துகொண்டிருந்தான். என் கணவர் சத்தம் போட ஆரம்பித்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து கல் எண்ணத் தொடங்கினார்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். கெடு தாண்டிவிட்டது என்று பதில். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு ரசீதைத் தவிர வேறு சாட்சி இல்லை. விற்பனையில் சம்பந்தம் இல்லாத ஒரு ரத்தினப் பரிசோதகரிடம் கட்டணம் கட்டி எழுத்தில் வாங்கினேன். நிரப்பலை நீக்கினால் வெறும் கண்ணுக்கே விரிசல் தெரியும், தெளிவு ஐ வகை (குறைகள் அதிகமுள்ள கடைசி நிலை) என்று எழுதிக் கொடுத்தார். அட்டையில் போட்டிருந்ததற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதை வைத்து நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன். நடக்கிறது.

இன்றைக்கு நான் போனால் என்ன செய்வேன் என்று தோழி கேட்டாள். கல்லை மோதிரத்தில் பதிக்காமல் தனியாகக் காட்டச் சொல்வேன், கொக்கிக்கு அடியில் எதையும் ஒளிக்கலாம். பக்கவாட்டில் பார்ப்பேன், சாய்த்துப் பார்ப்பேன், விளக்கிலிருந்து நகர்த்திப் பார்ப்பேன். கடைக்காரர் விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுவேன். விரிசல் நிரப்பியதா, உள்ளே இருக்கும் புள்ளியை மறைக்க லேசரால் துளை போட்டதா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று மூன்றையும் கேட்டு, பதிலை அவர் கையாலேயே ரசீதில் முழு வார்த்தையில் எழுதச் சொல்வேன். சுருக்க எழுத்து வேண்டாம். வெளியே சோதித்து வேறு மாதிரி வந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று அதன் கீழேயே ஒரு வரி. இதை எழுதத் தயங்குகிறவரிடம் பேரம் பேசுவதில் அர்த்தமே இல்லை. ரொக்கத் தள்ளுபடி பக்கமே போக மாட்டேன். அப்புறம், முழங்கையில் இடிக்கிற மனுஷனைக் கூட்டிப்போனால் அவர் இடிக்கும்போது திரும்பிப் பார்ப்பேன்.

நேர்மையான வியாபாரிகள் அந்த வீதியில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பத்தரே அங்கே முப்பது வருஷம் கல் பதித்தவர்தான்.

மோதிரத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, "வித்துத் தொலைச்சிடலாமே" என்றார் கணவர். விற்கலாம், ஆனால் வாங்குகிறவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும், சொன்னால் கிடைப்பது தங்கத்தின் விலைதான். இப்போதைக்குப் பெட்டிக்குள் இருக்கிறது. எனக்குப் பிறகு மகள் கையில் கிடைத்து, அவளும் எந்தப் பத்தரிடமாவது கொண்டுபோவாளோ என்னவோ. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மோதிரத்தோடு மடித்து வைத்திருக்கிறேன்: "விரிசலுக்குள் கண்ணாடி நிரப்பிய வைரம். நெருப்புக் காட்ட வேண்டாம்."