பினாங்கில் ஃபிக்ஸிக்குச் செயின் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஜார்ஜ்டவுனில் ஒரு சைக்கிள் கடையில், பழைய செயினைக் கழுவி எண்ணெய் போட்டுப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஃபிக்ஸி, அதாவது பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் சைக்கிள், ஓட்டும் நம் பிள்ளைகள் இங்கே நிறைய பேர். இதில் போவது காசு மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் சைக்கிளில் முன்னும் பின்னும் 1/8 அங்குல அகலச் செயினுக்கான பல். 3/32 செயின் அதில் உட்காராது. 3/32 பல்லில் 1/8 செயின் ஓடும், அது வேறு. இதைச் சொல்லித்தான் கேட்டேன். பெயர் பெற்ற பிராண்டின் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார் கடைக்காரர். அகலம் சரியாகவே இருந்தது. 60 வெள்ளி (ரிங்கிட்). பில்லில் வெறும் ‘செயின்’.

சில நாளிலேயே தொய்வு. சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கினால் மறுபடியும் தொய்வு. அப்புறம் ஒரு மாலை, கிரீன் லேன் சிக்னலில் வேகத்தைக் குறைக்கப் பெடலைக் காலால் தடுத்தபோது ‘டக்’கென்று செயின் கழன்று ரோட்டில் விழுந்தது. ஃபிக்ஸியில் செயின் போனால் பின் பிரேக்கும் போச்சு, கால் சும்மா சுற்றும். முன் பிரேக் இருந்ததால் லாரிக்குப் பின்னால் நிற்க முடிந்தது. முன் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இன்றே மாட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம்; புதுச் செயினில் 24 கண்ணி 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். இதில் 307. 308 வந்தாலே குப்பைக்குத்தான். இரும்பு இழுபடுவதில்லை, கண்ணிகளைக் கோக்கும் ஆணி தேய்ந்து இடைவெளி கூடுகிறது. சில நாளில் இவ்வளவு தேயாது. தகடுகளின் இடுக்கில் எண்ணெயோடு கெட்டிப்பட்ட கறுப்பு மண், ரோலர்களில் பழைய பள்ளம். பெட்டியில் இருந்த பிராண்ட் பெயர் ஒரு தகட்டில்கூட இல்லை. கேஎம்சி, இசுமி போன்ற செயின் கம்பெனிகள் தங்கள் பெயரைத் தகட்டிலேயே பதித்திருக்கும்.

செயினின் இரு முனைகளைச் சேர்த்துப் பூட்டும் லாக் கிளிப்பையும் கடைக்காரர் தலைகீழாக மாட்டியிருக்கிறார். அன்று எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால் இருக்க வேண்டும். மாறியிருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும்.

கடையில் போய்க் கேட்டால், “தம்பி, ஃபிக்ஸி ஓட்டினா செயின் இழுக்கத்தான் செய்யும்” என்கிறார். ஸ்கேலை வைத்துக் காட்டினேன், பார்க்கவே மாட்டேன் என்றார். “பழைய செயினக் கொடுங்க, பாதி விலைல வேற போட்டுத் தரேன்” என்றார். கொடுக்கவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. நீங்கள் வாங்கும்போது மாட்டுவதற்கு முன்பே ஸ்கேல் வைத்துப் பாருங்கள், பில்லில் பிராண்டும் அகலமும் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் செயினைத் தூக்கிப் போடாதீர்கள், கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நம் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.