கருங்கண்ணியா, பி.டி. ஒட்டு ரகமா, கோ 17-ஆ: ராமநாதபுரத்துக்கு எந்தப் பருத்தி?

நம்ம பக்கம் பருத்தி விதையைப் பற்றிப் பேச்செடுத்தாலே செடிக்கு எத்தனை காய் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது நாள் கணக்கை. திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் அறுத்த தரிசில் போடுகிற பருத்திக்கு மண்ணில் தங்கிய ஈரமும் கண்மாயில் மிஞ்சிய தண்ணீரும்தான் கதி. அது வற்றுவதற்குள் காய் வெடித்தாக வேண்டும்.

இரண்டு ரகங்களைக் கலந்து எடுக்கும் ஒட்டு ரகத்தின் வீரியம் உண்மையானது. 1970-ல் சூரத்தில் சி.டி.படேல் உருவாக்கிய எச்-4 தான் உலகிலேயே வணிக ரீதியாக வந்த முதல் பருத்தி ஒட்டு, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் நீக்கி, கையாலேயே சேர்த்து எடுக்கும் விதை என்பதால் விலை அதிகம், எடுத்து வைத்து மறுவருஷம் போட்டால் செடிக்குச் செடி குணம் மாறும். பலவும் 150 நாளைத் தாண்டுகிறவை வேறு. 2002-ல் பி.டி., அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு ஏற்றிய பருத்தி வந்தது, 2006-ல் இரண்டு மரபணு உள்ள பி.டி. வந்தது, இரண்டுமே இங்கே பெரும்பாலும் ஒட்டுகளில்தான் ஏற்றப்பட்டன. அங்கேதான் சிக்கல். ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகளில் சிலவற்றில் அந்த மரபணு இருக்கும், சிலவற்றில் இருக்காது. விதையைத் தின்றே வளரும் இளஞ்சிவப்பு காய்ப்புழுவுக்கு, நஞ்சைத் தாங்கிப் பழக இதைவிட வசதி வேண்டுமா? விதை எடுத்துப் போட்டாலும் குணம் மாறாத நேர் ரகத்தில் மரபணுவை நிலைப்படுத்தியிருந்தால் எல்லா விதையிலும் அது இருந்திருக்கும்.

கருங்கண்ணி நம்ம நாட்டுப் பருத்தி, வேறு இனம். ஆழமாக வேர் விடும், வறட்சி தாங்கும், தத்துப்பூச்சிக்கு அவ்வளவாக அசராது. இழைதான் குட்டை, அதனால் மில்காரர் விலை குறைத்துவிடுகிறார். சரி, அந்தத் தாங்கும் சக்தியை நீள இழைப் பருத்திக்கு மாற்றலாமே என்றால் அது லேசில் நடக்காது. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், அமெரிக்கப் பருத்திக்கு 52. சேர்த்தால் 39-ல் மலட்டுச் செடிதான் வரும், கோல்ச்சிசின் என்ற மருந்து கொடுத்து குரோமோசோமை இரட்டிப்பாக்கி, பல தலைமுறை திருப்பிக் கலந்தால்தான் வழி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட கோ 17, பக்கக் கிளை ஓடாமல் ஒடுக்கமாக நிமிர்ந்து வளரும். 100-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 40,000 செடி நிற்கும். செடிக்குக் காய் குறைவுதான், ஆனால் 125 முதல் 135 நாளில் முடிகிறது, காய்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வெடிப்பதால் எடுப்புக் கூலி மிச்சம். கடலோர உவர் மண்ணில் வளர்ந்த பருத்தி தாக்குப்பிடிக்கும், முளைக்கிற பருவத்தில்தான் தடுமாறும். நெருக்கி ஊன்றும்போது நாலு முளை போனாலும் வயல் வெறிச்சோடாது. இதில் பி.டி. கிடையாது, அதனால் பூ எடுத்ததிலிருந்து காய்ப்புழுவைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கணும்.

நெல் தரிசுக்கு நான் கோ 17-ஐத்தான் சொல்வேன். கமுதி, முதுகுளத்தூர் மானாவாரிக் கரிசலுக்குக் கருங்கண்ணி அல்லது கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கேசி 3 ரகம். பாசன வசதி நிச்சயமாக இருக்கிறவர் மட்டும் ஒட்டு ரகத்துக்குப் போகலாம். அப்புறம், நேர் ரகத்தில் விதை எடுத்து வைக்கிறவர்கள் ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, வயல் நடுவில் நோயில்லாத செடிகளின் காயைத் தனியாக எடுங்கள், பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரவைக்கும் தனியாகவே கொடுங்கள். அரவையில் வேற்று விதை கலந்துவிட்டால் ரகம் கெட்டுப்போகும்.