'போலீஸ் ரகம்' என்று சொல்லி விற்கிற ஹெல்மெட்டை வாங்கிவிடாதீர்கள்

தம்பிக்கு ஹெல்மெட் வாங்கப் போய் நன்றாக ஏமாந்தேன். ஆயுதப்படையில் சேர்ந்திருக்கிறான், தினமும் பைக்கில்தான் டூட்டிக்குப் போகிறான், காக்கிக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று குவார்ட்டர்ஸ் பக்கம் பெல்ட், ஷூ, விசில் எல்லாம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். "அண்ணே, இது கலவரத்துக்கே போடுற ரகம், கல்லு விழுந்தாலும் தாங்கும், ரோட்டுல விழுந்தா என்ன ஆயிடப்போகுது" என்றார் கடைக்காரர். பின்னால் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரும் இருந்தது. 750 ரூபாய். பில் கேட்டால் துண்டுச்சீட்டில் 'ஹெல்மெட் 1' என்று கிறுக்கிக் கொடுத்தார், கடைப் பெயர்கூட இல்லை. அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தது நழுவித் தரையில் விழுந்தது. விரல் நீளத்துக்கு விரிசல். உள் துணியைப் பிரித்துப் பார்த்தால் வெறும் ஸ்பாஞ்ச்! கெட்டியான தெர்மோகோல் இருக்க வேண்டிய இடம் அது. அடிபடும்போது அதுதான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். போலீஸ் படைக்கான ஹெல்மெட்டின் இந்தியத் தர எண் ஐ.எஸ். 9562, பைக் ஓட்டுகிறவர்களுக்கானது ஐ.எஸ். 4151, இரண்டும் வேறு வேறு. பைக் ஹெல்மெட்டைச் சூடாக்கி, குளிரவைத்து, நீரில் நனைத்து, இரும்புப் பாளத்தின் மேல் விழவைத்து, உள்ளே பொருத்திய தலை வடிவத்துக்கு எவ்வளவு அதிர்ச்சி போகிறது என்று அளக்கிறார்கள், கூர்முனை துளைக்கிறதா, தாடைப்பட்டை இழுவையைத் தாங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். கல் தாங்கும் என்ற பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை விற்கவே கூடாது, அதனால்தான் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிவிடுகிறார்கள் போல.

முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். என் ஹெல்மெட்டின் எண்ணைப் போட்டேன். பாட்டில் தண்ணீர் கம்பெனி ஒன்று வந்தது!

கடையில் போய்க் கேட்டதற்கு, "கீழே போட்டா எதுதான் சார் உடையாது?" என்றார். அண்ணன் சார் ஆனதுதான் மிச்சம், பணம் வரவில்லை. செயலியிலேயே புகார் கொடுத்திருக்கிறேன், உடைந்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். தம்பியின் பேட்ச்சில் இன்னும் நாலு பேர் அங்கேதான் வாங்கினார்களாம், ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.