நல்லா இருக்கும் வெள்ளி அடைப்பைத் தோண்ட விடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அம்மாவுக்குக் கடைவாயில் நாலு வெள்ளி அடைப்பு, அதாவது சொத்தைப் பல்லில் வைக்கும் வெள்ளி நிற உலோகக் கலவை. போட்டுப் பல வருஷமாகியும் ஒரு தொந்தரவும் இல்லை. பல் கிளினிக்கில் மூட்டுவலி என்று பேச்சுவாக்கில் சொன்னார். "அடைப்பில இருக்குற பாதரசம்தாம்மா எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குது" என்று சொல்லி, ஒரே நாளில் நாலையும் தோண்டிவிட்டார்கள். மூட்டுவலி அப்படியே இருக்கிறது. ஒரு பல்லுக்கு இப்போது ரூட் கெனால், கேப் என்று செலவு ஓடுகிறது.

வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பது உண்மை. மெல்லும்போது மிகக் கொஞ்சம் ஆவியாகவும் வரும். ஆனால் அதனால் மூட்டுவாதமோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ வருகிறது என்று நிரூபணமாகவில்லை. கர்ப்பிணிகள், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புதிதாகப் போடுவதைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ.கூட, நல்ல நிலையில் உள்ள அடைப்பை எடுக்க வேண்டாம் என்றே 2020-இல் சொன்னது. ஐரோப்பாவில் 2025 முதல் தடை என்று காட்டுவார்கள். அது புதிதாகப் போடுவதற்கான தடை, பழையதைத் தோண்டச் சொல்லும் உத்தரவு அல்ல.

பாதரச ஆவி அதிகம் கிளம்புவதே தோண்டும்போதுதான். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி, தண்ணீர் விட்டு, வேகமான சக்ஷன் (உறிஞ்சு குழாய்) வைத்து, பொடியாக்காமல் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு வைத்தது பஞ்சு மட்டும். எச்சில் பட்ட பல்லில், பதிலுக்கு வைக்கும் பல் நிறப் பிசின் அடைப்பான வெள்ளைக் காம்போசிட் சரியாக ஒட்டாது. சாதாரணக் காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல விளக்குக் காட்ட வேண்டும். மொத்தமாக அப்பினால் அடியில் இறுகாது, ஓரம் விடும், உள்ளே மறுபடி சொத்தை பிடிக்கும். தோண்டத் தோண்ட நல்ல பல்லும் போகிறது. நரம்பை நெருங்கினால் ரூட் கெனால் வரை போகலாம்.

இன்னொரு ஏமாற்று, சிறுநீர்ப் பரிசோதனை. முதலில் பாதரசத்தை வெளியேற்றும் மாத்திரை கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீர் எடுத்து, மாத்திரை போடாதவர்களுக்கான அளவோடு ஒப்பிடுவார்கள். யாருக்கும் அதிகமாகத்தான் காட்டும்.

அடைப்பால் ஒவ்வாமை வருவதும் உண்டு, அபூர்வமாக. அடைப்பு உரசும் இடத்திலேயே கன்னத்திலோ நாக்கிலோ வலை போல வெள்ளைக் கோடு, காரக் குழம்பு பட்டால் எரிச்சல். தோலில் பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்து பார்த்து, அந்த ஒரு அடைப்பை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஆறிவிடும். உடைந்திருந்தாலோ அடியில் சொத்தை இருந்தாலோ மாற்றலாம். எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை அடைப்பின் பிசினுக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு, அதைச் சொல்லமாட்டார்கள்.

சந்தேகமிருந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். பில்லில் பல் எண் இருக்க வேண்டும். கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் என்றால் 36. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில், எக்ஸ்ரேயோடு தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.